ஆளையே பாத்துக் கேக்கணுமாம்

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு வீட்டுல பொண்ணு குடுக்கோம்னா விசாரிக்காம குடுப்போமா? கத்திரிக்காய் வாங்கினாலே காம்பைத் திருப்பிப் பாத்துத்தானே வாங்குதோம்? அப்போ பெத்த பிள்ளை ஒரு வேலைக்குப் போகுதுன்னா, அந்த வேலை அவளுக்கு ஒத்து வருமா, அங்கன உள்ளவன் யோக்கியனா, இதையெல்லாம் அப்பன்காரன் விசாரிக்கக் கூடாதா? விசாரிச்சது தப்பாம். ஊரு சிரிக்க வச்சுட்டேனாம். எந்த ஊரு நியாயம் இது?

நீங்க எங்க எறங்கணும்? தேவர்குளமா? சரி, நேரம் கெடக்கு. நான் சங்கரன்கோவில். ரதவீதியில பாத்திரக்கடை. சங்கரபாண்டியன் கடைன்னு கேட்டா சின்னப் பிள்ளை கூட கையைக் காட்டும். சீர்ப் பாத்திரம் எடுக்க வாரவங்க நம்ம கடைக்குத்தான் வருவாங்க. வந்து, அண்டாவைத் தட்டிப் பாத்துக்கிட்டே, "அண்ணாச்சி, மாப்பிள்ளைக்குப் புளியங்குடி. ஒரு எட்டு போய் விசாரிச்சுச் சொல்லுங்களேன்"ம்பாங்க. நிச்சயம் பண்ணி பாத்திரமும் எடுத்த பொறவு என்னத்த விசாரிக்க? கூறுகெட்ட ஜனங்க. ஆனாலும் நான் போவேன். கடையை வேலைக்காரன்கிட்ட விட்டுட்டுப் போவேன். நாலு குடும்பம் நல்லா இருக்கட்டுமேன்னுதான். பத்துப் பைசா வாங்கினது கெடையாது.

விசாரிக்கிறதுன்னா சும்மா இல்ல பாத்துக்கிடுங்க. நேராப் போயி "இந்தப் பையன் எப்படி"ன்னு கேட்டா எவனும் வாயைத் திறக்க மாட்டான். "தங்கமான பையன்"னுட்டுப் போயிருவான். மொதல்ல டீக்கடையில ஒரு டீயைச் சொல்லிட்டு உக்காரணும். மழை தண்ணியைப் பத்திப் பேசணும். பொறவு நாமளே, "அந்த மச்சு வீட்டுக்காரங்க அருமையான குடும்பம்லா"ன்னு புகழணும். அடுத்தவனைப் புகழ்ந்தா எவனுக்குப் பொறுக்கும்? "நல்ல குடும்பந்தான்... ஆனா"ன்னு ஒரு இழுவை இழுப்பான். அம்புட்டுதான். நூலைப் பிடிச்சாச்சுன்னா சேலையே கையில வந்துரும். டீக்கடை, சலூன், இஸ்திரி வண்டி, இந்த மூணு எடத்துல உக்காந்து எந்திரிச்சா ஒருத்தனுக்கு ஜாதகமே பாக்க வேண்டாம்.

எனக்கு ஒரே பொண்ணு. கோமதி. பி.காம். படிச்சிருக்கா. கம்ப்யூட்டரும் தெரியும். கல்யாணம் ஆகலையான்னு கேக்க வாரீங்க. ஆகல. நல்ல எடம் அமையல, நான் என்ன செய்ய? வந்த எடம் ஒண்ணொண்ணையும் விசாரிச்சேன். ஒருத்தன் குடிகாரன். ஒருத்தனுக்குத் தாய்க்காரி வாய் சரியில்ல. ஒருத்தன் வேற மாதிரி. ஊருக்கெல்லாம் விசாரிச்சுக் குடுத்துட்டு எம் பொண்ணை மட்டும் பாழுங்கிணத்துல தள்ளவா?

போன மாசம் பாளையங்கோட்டையில ஒரு கம்பெனியில இருந்து இன்டர்வியூக்கு வரச் சொல்லிட்டாங்க. வீடு கட்டக் கடன் குடுக்கிற கம்பெனி. "என்னட்டி வேலை?"ன்னேன். "ஃபீல்ட் ஆபீசர் அப்பா"ன்னா. ஆபீசர்னா ஆபீசுல உக்காரணும், ஃபீல்டுல என்ன ஆபீசர்? எனக்கு அப்பவே சுருக்குன்னுட்டு. ஆனா வாயைத் திறக்கல. இன்டர்வியூக்கு நாள் கெடக்கு, மொதல்ல போயி எடத்தைப் பாப்போம்னு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அவகிட்ட சொல்லல. சொல்லிட்டா விசாரிக்கப் போவாங்க?

கம்பெனிக்கு எதுத்தாப்பல ஒரு டீக்கடை. உக்காந்தேன். வழக்கம் போல மழையைப் பேசினேன். "எதுத்த கம்பெனி பெரிய கம்பெனி போலுக்கே, நல்லா இருக்கும்லா?"ன்னேன். டீக்கடைக்காரன் சொல்லுதான், சம்பளம் மாசம் பொறந்தா வந்துருமாம். மேனேஜர் ஒரு பொம்பளையாம், பெனடிக்டா மேடம்னு பேரு, கண்டிப்பானவளாம், ஆனா தப்புத் தண்டா கெடையாதாம். பிள்ளைக வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிருமாம். நான் விடுவேனா? வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேட்டேன். அவனும் அதையேதான் சொல்லுதான். பக்கத்துல ஜெராக்ஸ் கடை, அங்கயும் அதேதான். என் சர்வீசுல ஒரு எடத்துல இம்புட்டு நேரம் உக்காந்தும் ஒரு கொறை கெடைக்காம இருந்தது அங்கனதான் அண்ணாச்சி. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

பொறவு ஒரு வழியாக் கேட்டேன். "ஆமா, இந்த ஃபீல்ட் ஆபீசர்ங்கிறாங்களே, அவங்களுக்கு என்ன வேலை?" டீக்கடைக்காரன் பாலை ஆத்திக்கிட்டே சொன்னான். "அதுவா? கடன் கேட்டவன் வீட்டுக்குப் போகணும். இந்த வீட்டுல இன்னார் இருக்காரா, எப்படிப்பட்ட ஆளு, ஒழுங்கா வேலைக்குப் போறாரான்னு அக்கம்பக்கத்துல கேக்கணும். வேற பொழப்பு இல்லாதவன் செய்யுத வேலை அண்ணாச்சி."

பாருங்க! எம் மனசுல உள்ளதை அப்படியே சொல்லிட்டான். ஊரான் வீட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டு, நீ யாரு, எவன்கூட இருக்கே, எம்புட்டு சம்பாதிக்கேன்னு கேக்கிறது ஒரு வேலையா? கௌரவமான குடும்பத்துப் பிள்ளை செய்யுத வேலையா அது? நாயை அவுத்து விடுவான். வாய்க்கு வந்தபடி பேசுவான். அடுத்தவன் சங்கதியைத் தோண்டித் தோண்டிக் கேட்டா எவன் சும்மா இருப்பான்? எனக்கு வந்துது பாருங்க கோவம். அரை டீயோட எந்திரிச்சு வந்துட்டேன்.

என்ன சிரிக்கீங்க? நான் கேக்கிறது வேற அண்ணாச்சி. அது பொதுக்காரியம். இது சம்பளத்துக்குக் கேக்கிறது. ரெண்டும் ஒண்ணா?

வீட்டுக்கு வந்ததும் வராததுமா சொல்லிட்டேன். "அந்த வேலை உனக்கு ஒத்து வராது. நான் விசாரிச்சுட்டேன். நீ போவேண்டாம்." அவ சாதம் வடிச்சுக்கிட்டு இருந்தா. திரும்பிக் கூடப் பாக்கல. "ஒத்து வருமா வராதான்னு நானே பாத்துட்டேம்பா"ன்னா.

"என்னத்தட்டி பாத்தே?"

அப்பதான் சொல்லுதா. அதுக்கு முந்தின வாரம் ஒரு நாள் கம்ப்யூட்டர் கிளாசுன்னு சொல்லிட்டுப் போனவ, கிளாசுக்குப் போகல. அந்தக் கம்பெனியில ஜெபராணின்னு ஒரு பிள்ளை, இவகூட காலேஜுல படிச்சது, இதே வேலையைப் பாக்குதாம். அதுகிட்ட, "ஒரு நாள் உன்கூடச் சுத்திப் பாக்கேன், எனக்கு முடியுமான்னு தெரியணும்"னு கேட்டிருக்கா. ஸ்கூட்டியில பின்னால உக்காந்து நாள் பூராவும் வெயில்ல சுத்தியிருக்கா. ஒருத்தன் கதவை மூஞ்சியில அடைச்சிருக்கான். ஒரு கிழவி பால் சொம்பைக் கையில குடுத்து, பிடிச்சுக்கோன்னுட்டு ஊர்க் கதை பூராவும் சொல்லியிருக்கா. இதைச் சொல்லும்போது சிரிக்கா அண்ணாச்சி! வெயில்ல கருத்துப் போயி நின்னுக்கிட்டு சிரிக்கா.

"உங்க அம்மாளுக்குத் தெரியுமா?"ன்னேன். பொறவாசல்ல இருந்து அவ அம்மாக்காரி வாரா. "நாந்தான் போயிட்டு வாட்டின்னு சொன்னேன். உங்ககிட்ட சொன்னா மொதல்ல ஸ்கூட்டியை விசாரிக்கப் போயிருவீங்க"ங்கா. எப்படி இருக்கு பாருங்க. இருபத்தெட்டு வருசமா எஞ் சோத்தைத் தின்னுட்டு ஆத்தாளும் மகளும் கூட்டுச் சேந்துட்டாளுக.

நான் சத்தம் போட்டேன். தெருவுக்கே கேட்டுருக்கும். "நான் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு வந்திருக்கேன், நீ என்னட்டி பெரிய இவ?"ன்னேன். அவ பதட்டமே படல. "நாலு பேர்கிட்ட கேட்டீங்கப்பா. என்கிட்ட கேக்கலையே"ன்னா. பெத்தவன்கிட்ட பேசுத பேச்சா இது? என்னத்தைக் கேக்கணுமாம் அவகிட்ட? அவளுக்கு என்ன தெரியும்?

சரி, போறதுன்னா நானும் வருவேன்னுட்டேன். இன்னைக்குக் காலையில கூட்டிட்டுப் போனேன். அந்த வாட்ச்மேன் மூதி என்னைக் கண்டதும் வணக்கம் வச்சுட்டு, "வாங்க அண்ணாச்சி, அன்னைக்கு விசாரிச்சது பத்தலையா?"ங்கான். அவ மொகத்தை நான் பாக்கல. மெய்யாவே பாக்கல. சவத்துப் பய, டீ வாங்கிக் குடுத்த கைக்கு இதுதான் மரியாதையா?

உள்ள ரூம்னு ஒண்ணும் கெடையாது. பிளைவுட்டுல ஒரு தடுப்பு, மேல பூராவும் திறந்து கெடக்கு. வெளியில பிளாஸ்டிக் சேர்ல நான். உள்ள பேசுத பேச்சு ரேடியோ மாதிரி கேக்கு. ஒட்டுக் கேட்டேன்னு நெனைக்காதீங்க. காதுல விழுந்துது, நான் என்ன பஞ்சையா வச்சு அடைக்க முடியும்?

அந்த மேடம் எடுத்த எடுப்புலயே கேக்கா. "உங்க அப்பா எங்களைப் பத்தி எதுத்த டீக்கடையில விசாரிச்சாராமே. என்ன சொன்னார்?"

"இந்த வேலை எனக்கு ஒத்து வராதுன்னு சொன்னாங்க மேடம்"ங்கா இவ.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒத்து வரும் மேடம். செஞ்சு பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

சொன்னா. ஜெபராணிகூடப் போனதைச் சொன்னா. சரின்னு நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பொறவு சொல்லுதா, "இன்னொரு நாள் நான் மட்டும் தனியா ஒரு வீட்டுக்குப் போனேன் மேடம். கோவில்பட்டியில"ன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுட்டு.

கோவில்பட்டின்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும்லா. மூணு வருசத்துக்கு முந்தி அங்க இருந்து ஒரு சம்பந்தம் வந்துது. கதிரேசன்னு பேரு, மில்லுல சூப்பர்வைசர். பொண்ணு பாக்க வந்தான். ஆளு அமைதி. ரெண்டு பேரும் வீட்டு முன்வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பேசினாங்க. அவளுக்குப் பிடிச்சிருந்துதான்னா கேக்கீங்க? அதை எதுக்கு அப்பம் கேக்கணும்? விசாரிச்சு முடிச்ச பொறவுதானே பொண்ணுகிட்ட கேக்கணும், அதுதானே மொறை? போனேன், விசாரிச்சேன். டீக்கடைக்காரன் சொன்னான், "நல்ல பையன்தான், ஆனா வாராவாரம் சனிக்கிழமையானா பூவும் பலகாரமும் வாங்கிட்டு தூத்துக்குடி பஸ் ஏறிருதான், யார் வீட்டுக்குன்னு தெரியல"ன்னு. சலூன்லயும் அதையே சொன்னான். இஸ்திரிக்காரன் கண்ணையே சிமிட்டினான். பொறவு என்ன? அன்னைக்கே போட்டோவைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல காரணத்தையும் சொன்னேன், இவ ஒண்ணும் கேக்கல. நாலு நாள் சரியா சாப்பிடலன்னு இவ அம்மா சொன்னா. வயித்துக்குச் சரியில்லாம இருந்திருக்கும்.

அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கா அண்ணாச்சி! வேலைக்கு ஒத்திகை பாக்கன்னு! வேற வீடே கெடைக்கலையா இந்த உலகத்துல?

அந்த மேடத்துகிட்ட சொல்லுதா. "ஜெபராணி ஒண்ணு சொல்லிக் குடுத்தா மேடம். அக்கம்பக்கத்துல கேக்கலாம், ஆனா அதை மட்டும் வச்சு ரிப்போர்ட் எழுதக் கூடாது, ஆளையே பாத்துக் கேக்கணும்னு. எனக்கு அந்தத் தைரியம் இருக்கான்னு பாக்கணும்னு தோணுச்சு. ரொம்பக் கஷ்டமான கேள்வியை, ரொம்பக் கஷ்டமான ஆள்கிட்ட கேட்டுட்டா பொறவு யார்கிட்டயும் கேட்டுரலாம்லா. அதான் அங்க போனேன்."

வாசல்ல நின்னு மணி அடிச்சிருக்கா. கதிரேசனுக்குத்தான் இப்பம் கல்யாணம் ஆயிட்டே, அவன் பொண்டாட்டி கைப்பிள்ளையோட வந்து கதவைத் திறந்து, உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்திருக்கா. குடிச்சிருக்கா இவ. பொறவு அவன் வந்ததும் நேராவே கேட்டுட்டாளாம், "சனிக்கிழமை தோறும் தூத்துக்குடிக்கு யாரைப் பாக்கப் போவீங்க?"ன்னு. அவன் கோவப்படலயாம். உள்ள பாத்து, "ஏட்டி, இங்க வா"ன்னு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டானாம். அவன் தங்கச்சியாம், தூத்துக்குடியில வாக்கப்பட்டவளாம். வேற சாதியில கல்யாணம் முடிச்சுட்டாள்னு வீட்டுல தலைமுழுகிட்டாங்களாம். அப்பனுக்குத் தெரியாம இவன் மட்டும் போயிப் பாத்துட்டு வருவானாம். இப்ப அப்பன் செத்த பொறவு அதுவும் வந்து போகுதாம். "அன்னைக்கே உங்க அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"ன்னானாம்.

கேட்டீங்களா? என்கிட்ட கேட்டிருக்கலாமேங்கான்! மாப்பிள்ளையா வரப் போறவன்கிட்ட போயி, "ஏம்ப்பா, உனக்கு வேற பொம்பளை இருக்கா?"ன்னு எவனாவது கேப்பானா? கேட்டாத்தான் இருக்குன்னு சொல்லிருவானா? மூணு பேரு சொன்னாங்க. மூணு பேரும் ஒண்ணு போலச் சொன்னாங்க. நான் என்ன சோசியமா பாக்க முடியும்? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? சொல்லுங்க.

அந்த மேடம், "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"ன்னு கேட்டா.

"இருந்துச்சு மேடம். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன். ஆனா அழுது முடிச்ச பொறவு மனசு லேசாயிட்டு. மூணு வருசமா யாரையோ வெறுத்துக்கிட்டு இருந்தேன், அந்த ஆளே இல்லன்னு தெரிஞ்சுட்டு. இந்த வேலைக்கு நான் வந்தா எவரோ சொன்னதை வச்சு யாரையும் வேண்டாம்னு எழுத மாட்டேன் மேடம். அவங்களுக்கு ஒரு வீடு கட்டணும்னு ஆசை இருக்கும்லா"ன்னா.

அழல அண்ணாச்சி. அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசுதா. எனக்கு அப்படியே உள்ள போயி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும் போல இருந்துது. வீட்டுச் சங்கதியை அம்பலத்துல கொட்டுததா? அப்பனை ஒருத்தி முன்னால இப்படியா நிறுத்தி வைக்கிறது? எந்திரிக்கப் பாத்தேன். பொறவு உக்காந்துட்டேன். அடுத்தவங்க ஆபீசுல போயி சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்?

வேலை? அதெல்லாம் கெடைச்சுட்டு. அந்த மேடம் எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்து கையைக் குடுத்தா அவளுக்கு. எனக்கு ஒரு வணக்கம். "உங்க பொண்ணு நல்லா வருவா சார்"னா. எம் பொண்ணைப் பத்தி இவ யாரு எனக்குச் சொல்ல? திங்கக்கிழமை சேரணுமாம். ஹாஸ்டல்லயே இருக்கப் போறாளாம், ஜெபராணிகூட. எல்லாம் ஏற்கெனவே பேசி வச்சாச்சு. என்கிட்ட கேக்கல. சொன்னா, அம்புட்டுதான். "திங்கக்கிழமை போறேம்பா"ன்னு. கேக்கிறதுக்கும் சொல்லுததுக்கும் வித்தியாசம் இல்லையா?

எங்க இருக்காளா? அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. நீலச் சுடிதார். பக்கத்துல எடம் காலியாத்தான் இருந்துது. நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கிட்டு வாரதுக்குள்ள பையைத் தூக்கி வச்சுட்டா. சரி போன்னு நான் இங்க வந்துட்டேன். பாளையில ஏறினதுல இருந்து ஒரு தடவை திரும்பிப் பாக்கல. நீங்க பாத்தீங்களா? திரும்பினாளா? இல்லையா? சரி.

எனக்கு ஒண்ணும் இல்ல. போனா போகட்டும். ஊருல எத்தனை பிள்ளைக வேலைக்குப் போகல? எனக்குக் கோவமெல்லாம் அவ பேசினதுலதான். நான் அவளுக்குக் கெடுதல் நெனைப்பேனா? ஒரு எடத்துக்குப் போயிட்டு அவ கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்துறக் கூடாதுன்னுதானே அலைஞ்சேன்? செருப்புத் தேய அலைஞ்சேன் அண்ணாச்சி. இப்பம் அவ அழுதது கூட எவளோ ஒருத்திகிட்ட சொல்லித்தான் எனக்குத் தெரியுது. கோவில்பட்டிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு வீட்டுல எனக்குச் சோறு போட்டது அவதான். மொகத்தைப் பாத்திருப்பேன்லா? பாத்துருப்பேன். ஒண்ணும் தெரியல.

உங்க ஊர் வந்துட்டா? எந்திரிக்கீங்களா? ஒரு நிமிசம் இருங்க. பின்வாசல்ல எறங்காதீங்க, முன்னால போயி எறங்குங்க. போகும்போது அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசுவீங்களா? நேராக் கேட்டுறாதீங்க. சங்கரன்கோவில் எப்பம் போயிச் சேரும்னு கேளுங்க. வேலைக்குப் போறியாம்மான்னு கேளுங்க. ஹாஸ்டல்லயா தங்கப் போறேன்னு கேளுங்க. கேட்டுட்டு, லீவுக்கு லீவு வீட்டுக்கு வந்து போவியா, இல்ல அப்படியே அங்கயே இருந்துருவியான்னு சும்மா பேச்சு வாக்குல கேளுங்க.

நானா? நான் எப்படி அண்ணாச்சி கேக்க? பெத்த பிள்ளைகிட்ட போயி என்னன்னு விசாரிக்க?

கீழ எறங்கினதும் நான் இந்த ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருப்பேன். வருவேன்னு அவ சொன்னாள்னா தலையை மட்டும் ஆட்டுங்க. இல்லன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம், நீங்க பாட்டுக்குப் போயிருங்க. போங்க, விசிலடிச்சிருவான், போங்க. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.